எதிராளி இல்லாத வகுப்பறை: வாதிடக் கற்பித்தல் குறித்து

1. கேள்வி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடக்காத ஆண்டு கிடையாது. காந்தி ஜெயந்தி, குழந்தைகள் தினம், திருவள்ளுவர் நாள் என்று ஏதேனும் ஒரு விழா வரும். ஆசிரியரோ பெற்றோரோ ஐந்து நிமிட உரையை எழுதித் தருவார்கள். மாணவர் அதை மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு மேடையில் பேசிவிட்டு இறங்குவார். குரலுக்கும் உச்சரிப்புக்கும் தடுமாறாமல் பேசியதற்கும் மதிப்பெண் உண்டு. ‘நீ சொன்னதற்கு ஆதாரம் என்ன?’ என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்கப் போட்டியின் விதிகளில் இடமும் இல்லை. கட்டுரைப் போட்டியிலும் இதே நிலைதான். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற குறிப்புச் சட்டகத்தில் மறுப்புக்கென்று ஒரு பத்தி ஒதுக்கப்படுவதில்லை.

இந்தப் போட்டிகளால் நன்மையே இல்லை என்பதில்லை. மேடைக் கூச்சம் போகிறது, மொழி வசப்படுகிறது. ஆனால் வாதிடுவது வேறு திறன். ஒரு முடிவை முன்வைக்க வேண்டும், அதற்குக் காரணம் காட்ட வேண்டும், அந்தக் காரணம் எங்கே உடைகிறது என்று எதிரே இருப்பவர் சுட்டினால் நின்று பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாவிட்டால் முடிவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இத்திறனைத் தர்க்க விதிகளைச் சொல்லிக்கொடுத்தே வளர்த்துவிட முடியுமா, மறுத்துக் கேட்கும் ஒருவர் எதிரே இருந்தால்தான் வளருமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கடந்த நூறாண்டு உளவியல், கல்வியியல் ஆய்வுகளையும், தமிழில் உள்ள அளவை (தர்க்க) மரபையும், அந்த மரபின் உறவொன்று கர்நாடகத்தில் இன்றும் நடத்திவரும் வகுப்பையும் வைத்து இதைப் பார்க்கலாம்.

2. விதி தெரிந்தால் போதுமா?

யூக்ளிடின் வடிவியலும் இலத்தீனும் படித்தால் மூளை பொதுவாகவே கூர்மையடையும் என்ற நம்பிக்கை மேற்கத்தியப் பள்ளிகளில் நெடுங்காலம் வேரூன்றி இருந்தது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் ஆயிரக்கணக்கான உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்து 1924இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. எந்தப் பாடத்தைப் படித்தாலும் பொதுச் சிந்தனைத் திறனில் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை என்றே அவர் கண்டார். வடிவியல் படித்தவர் வடிவியலில் தேறினார். ஊர் விவகாரத்தைப் பற்றிப் பேசும்போது அந்தத் தேர்ச்சி தானாக உடன் வரவில்லை.

அப்படியானால் தர்க்கத்தையே தனிப் பாடமாக வைத்தால் என்ன? இதைச் சோதிக்க உதவியது, பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் அறிமுகப்படுத்திய சீட்டுப் புதிர். தமிழுக்கு மாற்றிச் சொன்னால் அது இப்படி இருக்கும். மேசைமேல் நான்கு சீட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை: அ, க, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்பது விதி. விதி உண்மையா என்றறிய எந்தெந்தச் சீட்டுகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலானோர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. நான்கின் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதிக்கு ஆபத்தில்லை. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் விதி உடையும். தனியாக உட்காரும் கல்லூரி மாணவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே இதைச் சரியாகச் செய்கிறார்கள். தமக்குச் சாதகமான சான்றைத் தேடுவது எளிதாக வருகிறது. தம்மைப் பொய்ப்பிக்கக்கூடிய சான்றைத் தேடுவது வருவதில்லை.

பாட்ரிசியா செங், கீத் ஹோலியோக், ரிச்சர்ட் நிஸ்பெட் உள்ளிட்டோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. ஒரு பருவம் முழுக்கத் தர்க்கவியல் படித்த கல்லூரி மாணவர்களுக்கு, பாடம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இவ்வகைப் புதிர்கள் தரப்பட்டன. தவறுகள் ஏறத்தாழ 3 விழுக்காடே குறைந்தன. இத்தனைக்கும் ‘இது இருந்தால் அது’ என்னும் வாக்கிய அமைப்பையும் அதன் விதிகளையும் அவர்கள் பல வாரங்கள் பயின்றிருந்தார்கள்.

அதே புதிர் வேறு வேடத்தில் வரும்போது நிலைமை மாறுகிறது. 1982இல் புளோரிடாவில் ரிச்சர்ட் கிரிக்ஸும் ஜேம்ஸ் காக்ஸும், ‘பீர் குடிப்பவர் 19 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும்’ என்ற விதியைத் தந்து, யாரைச் சோதிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். நால்வரில் மூவர் அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். பீர் குடிப்பவரின் வயதையும், சிறுவயதினரின் கோப்பையையும் பார்த்தால் போதும் என்பது அவர்களுக்கு உடனே புரிந்தது. விதியை மீறியவரைப் பிடிக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் எதிர்ச்சான்று கண்ணில் பட்டுவிட்டது. தர்க்கம் அறவே இல்லாதவர்கள் என்று மாணவர்களைச் சொல்ல முடியாது. அதைத் தட்டி எழுப்பும் சூழலைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

3. காஞ்சியில் ஒரு அளவைப் பாடம்

தர்க்கப் பாடத்தையே உள்ளே வைத்திருக்கும் தமிழ்க் காப்பியம் மணிமேகலை. உ.வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த இந்நூலின் 30 காதைகளில் 29ஆவது, ஏறத்தாழ ஒரு பாடநூல் இயல் போலவே அமைந்தது. காஞ்சி நகரில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காப்பியத் தலைவி மணிமேகலைக்கு அளவை கற்பிக்கிறார். வாதத்தின் உறுப்புகள் ஐந்து: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். ‘இந்த மலையில் நெருப்பு உண்டு’ என்பது பக்கம். ‘புகை இருப்பதால்’ என்பது ஏது. ‘அடுக்களை போல’ என்பது திட்டாந்தம். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று பாடம் சுருக்கிக்கொள்கிறது.

அதன்பின் பிழைகளின் பட்டியல் வருகிறது. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. இந்த வகைப்பாடு, பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகரின் மரபில் வந்த சங்கரசுவாமியின் ‘நியாயப்பிரவேசம்’ என்ற வடமொழி நூலோடு நெருங்கிப் பொருந்துகிறது. எது எதற்கு மூலம் என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டார்கள். 1928இல் மணிமேகலையின் வரலாற்றுச் சூழல் குறித்து நூல் எழுதிய சா. கிருஷ்ணசாமி ஐயங்கார், காப்பியம் திக்நாகருக்கு முற்பட்டதாக இருக்கலாம் என்று வாதிட்டார். திக்நாகர் மரபிலிருந்தே காப்பியம் பெற்றது என்பது வடமொழி அறிஞர் குப்புசாமி சாஸ்திரியின் நிலை. பின்வந்த ஆய்வாளர் பலரும் அப்பக்கமே சாய்ந்தார்கள். திபெத்திய வரலாற்று நூல்கள் திக்நாகரைக் காஞ்சிப் பகுதியைச் சேர்ந்தவராகவே சொல்கின்றன என்பதும் இங்கே நினைக்கத் தக்கது.

பட்டியல் என்றதும் வறட்டு மனப்பாடம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ‘ஒலி நிலையற்றது, அறியப்படுவதால்’ என்பது அதில் வரும் பிழையான வாதம். அறியப்படுதல் என்னும் தன்மை நிலையான பொருளுக்கும் உண்டு, நிலையற்ற பொருளுக்கும் உண்டு. ஆகவே அதை ஏதுவாக வைத்து எதையும் நிறுவ முடியாது. ‘இந்த மருந்து இயற்கையானது, அதனால் கெடுதல் செய்யாது’ என்று இன்று வாட்ஸ்அப்பில் வரும் வாதத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். துளசியும் இயற்கை, அரளி விதையும் இயற்கை. காரணம் இரு பக்கமும் பொதுவாக நிற்கிறது. இதைச் சொல்ல ஒன்பதாம் வகுப்பு மாணவரால் முடியும்.

இருந்தும் 29ஆவது காதையில் மணிமேகலை கேட்டுக்கொண்டிருப்பவள் மட்டுமே. அவள் வாதிடுவதைப் பார்க்க வஞ்சி நகரில் நடக்கும் 27ஆவது காதைக்குப் போக வேண்டும். பல சமயக் கணக்கர்களின் கொள்கைகளை வரிசையாகக் கேட்டு வருபவள், பூதவாதியிடம் மட்டும் எதிர்க் கேள்வி போடுகிறாள். கண்ணால் காண்பது மட்டுமே ஏற்கத் தக்கது, கருத்தளவை (அனுமானம்) வேண்டாம் என்கிறான் அவன். அப்படியானால் உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அவன் ஏற்கெனவே ஏற்றிருக்கும் ஒன்றிலிருந்தே அவன் கொள்கை உடைகிறது. ஒரே கேள்விதான், ஆனால் எதிரே ஒருவன் உறுதியாக ஒன்றைச் சொல்லி நின்றதால்தான் அது பிறக்கிறது.

எதிர்த்தரப்பைக் கொண்டே கற்கும் இந்தப் பழக்கம் பிற தமிழ் நூல்களிலும் தொடர்ந்தது. சமண நூலான நீலகேசி முழுவதும் வாதங்களால் ஆனது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், பரபக்கம் என்ற பகுதியில் பிற சமயங்களின் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, பிறகே மறுக்கிறது. வடமொழி நூலான நியாய சூத்திரம் ஒரு படி மேலே போகிறது. வாதத்தில் தோற்றதாகக் கொள்ளப்படும் 22 நிலைகளை அது வரிசைப்படுத்துகிறது. எதிராளி சொன்னது மும்முறை கூறப்பட்டு, அவைக்கும் விளங்கிய பிறகு, அதைத் திருப்பிச் சொல்ல முடியாமல் போவது அவற்றுள் ஒன்று. தன்மேல் சுமத்தப்பட்ட குற்றத்தை மறுக்காமல் ‘உன்னிடமும் அதே குற்றம் உண்டு’ என்று திருப்புவது இன்னொன்று. நம் தொலைக்காட்சி விவாதங்களில் இந்த இரண்டு விதிகளை நடைமுறைப்படுத்தினால் பாதிப் பேர் முதல் பத்து நிமிடத்திலேயே எழுந்து போக நேரும்.

4. பைலகுப்பே முற்றம்

திக்நாகரிலிருந்தும் அவர் வழிவந்த தர்மகீர்த்தியிலிருந்தும் கிளைத்த தர்க்க மரபு திபெத்துக்குப் போய், அகதிகளோடு இந்தியா திரும்பியது. மைசூரு மாவட்டத்துப் பைலகுப்பேயில் சேரா மடமும், உத்தர கன்னட மாவட்டத்து முண்ட்கோடில் திரேபுங், கந்தேன் மடங்களும் இயங்குகின்றன. அங்கே வாதம் அன்றாடப் பாடம். விடை சொல்பவர் தரையில் அமர்ந்திருப்பார். வினவுபவர் அவர் எதிரே நின்று, ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் காலைத் தரையில் உதைத்து, கைகளைத் தட்டுவார். ஒரே முற்றத்தில் பல ஜோடிகள் ஒரே நேரத்தில் வாதிடுவதால் வெளியாருக்குப் பெருஞ்சண்டை போலத் தோன்றும்.

தொடக்க நிலை மாணவர்களின் முதல் தலைப்பு, நிறம். விடையாளி தரக்கூடிய பதில்களும் எண்ணத்தக்கவையே: ‘ஏற்கிறேன்’, ‘ஏன்?’, ‘காரணம் நிலைபெறவில்லை’, ‘அந்தக் காரணம் இருந்தால் அந்த முடிவு வர வேண்டியதில்லை’. ஆய்வாளர் டேனியல் பெர்டூ 1992இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கும் பயிற்சியைச் சுருக்கிப் பார்க்கலாம்.

‘நிறமாக இருப்பதெல்லாம் சிவப்பு’ என்ற கூற்றை விடையாளி ஏற்றுக்கொண்டதாக வைப்போம். வினவுபவர் சொல்வார்: ‘அப்படியானால் வெண்சங்கின் நிறம் சிவப்பு, ஏனெனில் அது நிறம்.’ விடையாளிக்கு மூன்று கதவுகள் உண்டு. ‘காரணம் நிலைபெறவில்லை’ என்றால், வெண்சங்கின் நிறம் ஒரு நிறமே இல்லை என்று சொன்னதாகும், உடனே அடுத்த அடி விழும்: ‘அது நிறமே, ஏனெனில் அது வெண்மை.’ ‘முடிவு வர வேண்டியதில்லை’ என்றால், தாம் முதலில் ஏற்ற கூற்றைத் தாமே கைவிட்டவராவார். ‘ஏற்கிறேன்’ என்றால், ‘வெண்சங்கின் நிறம் சிவப்பு அன்று, ஏனெனில் அது வெண்மை’ என்று வாதம் நேரே முட்டும்.

சிறுவர்களுக்கு ஏற்ற எளிய விஷயம்தான். ஆனால் அது பழக்குவது எளியதன்று. காரணம் பொய் என்று மறுப்பதும், காரணம் உண்மையானாலும் அதிலிருந்து அந்த முடிவு வராது என்று மறுப்பதும் வேறு வேறு என்பது உடலிலேயே ஊறிவிடுகிறது. பெரியவர்களின் விவாதங்களில் அடிக்கடி குழம்புவது இந்த இரண்டும்தான். சுழற்சி முறையில் எல்லோரும் நிற்கவும் அமரவும் வேண்டும் என்பதால், ஒரு கூற்றைத் தாக்கவும் காக்கவும் ஒருவரே கற்கிறார்.

5. நவீன வகுப்புகளில் கிடைத்த சான்று

தார்ன்டைக் நம்பிக்கையிழந்த வடிவியலையே வேறு விதமாகக் கற்பித்துக் காட்டியவர் ஹெரால்ட் ஃபாசெட். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பள்ளியில் 1930களில் அவர் நடத்திய வகுப்பின் விவரம் 1938இல் ‘நிரூபணத்தின் இயல்பு’ என்ற பொருளுடைய தலைப்பில் நூலாக வந்தது. அவர் முக்கோணத்தில் தொடங்கவில்லை. பள்ளியில் சிறந்த சாதனைக்கு விருது தரலாமா என்ற பேச்சில் தொடங்கினார். எது சாதனை, எது சிறந்தது என்று வரையறுக்காமல் முடிவெடுக்க முடியாது என்பதை மாணவர்களே கண்டுகொண்டார்கள். பாடநூல் தரப்படவில்லை. வரையறைகளையும் அடிப்படை ஏற்புகளையும் அவர்களே விவாதித்து முடிவு செய்து, தத்தம் வடிவியல் நூலைத் தாங்களே எழுதினார்கள். விளம்பரத்தையும் அரசியல் பேச்சையும் அதே முறையில் பிரித்துப் பார்த்தார்கள்.

உளவியலாளர் டியானா கூன் 1991இல் வெளியிட்ட ‘வாதத் திறன்கள்’ என்ற பொருளுடைய தலைப்பு கொண்ட நூல், பதின்வயதினர் முதல் அறுபதுகளில் இருப்போர் வரை 160 பேரை நேர்கண்டதன் விளைவு. சிறையிலிருந்து வந்தவர்கள் மறுபடி குற்றம் செய்வது ஏன், மாணவர்கள் பள்ளியில் தோற்பது ஏன், வேலையின்மை ஏன் என்ற மூன்று கேள்விகள். எல்லோரிடமும் உறுதியான கருத்து இருந்தது. ‘உங்கள் கருத்து தவறு என்று ஒருவர் சொன்னால் என்ன சான்று காட்டுவார்?’ என்ற இடத்தில்தான் பலர் நின்றுவிட்டார்கள். தாம் நம்பும் கதையை இன்னொரு முறை விரிவாகச் சொல்வதையே சான்று என்று நினைத்தவர்களும் அதிகம். வயதைவிடக் கல்வி அளவோடுதான் இத்திறன் கூடக் குறைய இருந்தது.

கூன், அமண்டா குரோவெலுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, தீர்வை நோக்கி நகர்கிறது. நியூயார்க் நடுநிலைப் பள்ளியொன்றின் மாணவர்கள் மூன்று ஆண்டுகள் ஒரு பயிற்சியில் இருந்தார்கள். ஒரே தரப்பைச் சேர்ந்த இருவர் கணினித் திரையின் முன் அமர்ந்து, எதிர்த்தரப்பு ஜோடியோடு எழுத்தில் வாதிட வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் முன் இருவரும் தங்களுக்குள் கலந்து பேச வேண்டும். ஒப்பீட்டுக் குழுவினர் அதே காலத்தில் ஆசிரியர் நடத்தும் முழுவகுப்புக் கலந்துரையாடலில் பங்கேற்றுக் கட்டுரைகளும் எழுதினார்கள். முடிவில், கட்டுரை அதிகம் எழுதியவர்களைவிட எதிராளியோடு வாதிட்டவர்களே இரு தரப்பையும் எடைபோடும் கட்டுரைகளை எழுதினார்கள். எந்தத் தகவல் தங்களுக்குத் தேவை என்று கேட்கவும் அவர்களே முன்வந்தார்கள்.

வேசனின் சீட்டுப் புதிரும் இதற்குச் சாட்சி சொல்கிறது. டேவிட் மாஷ்மனும் மாலி கைலும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், தனியாக முயன்றவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே சரியான விடை கண்டார்கள். குழுவாகப் பேசியபோது ஏறத்தாழ நான்கில் மூன்று குழுக்கள் கண்டன. ஆய்வாளர்கள் மெர்சியேவும் ஸ்பெர்பரும் 2011இல் முன்வைத்த கொள்கை இதையெல்லாம் ஒரே இழையில் கோக்கிறது: மனித அறிவின் காரணம் காட்டும் திறன், பிறரோடு வாதிடுவதற்கென்றே அமைந்தது. நம் காரணத்தில் ஓட்டை தேடுவதில் நாம் சோம்பேறிகள். அடுத்தவர் காரணத்தில் தேடுவதில் கெட்டிக்காரர்கள்.

6. எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு: எதிராளியை வைத்தால் வெல்லும் வெறிதானே வளரும்? நியாய மரபே இதைக் கண்டிருந்தது. உண்மையை அறிய நடப்பது வாதம், வெல்வதற்காக நடப்பது ஜல்பம், தன் தரப்பு எதையும் நிறுவாமல் பிறரை உடைக்க மட்டுமே நடப்பது விதண்டை என்று அது பிரித்து வைத்தது. தமிழரின் பட்டிமன்றத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மணிமேகலையின் விழாவறை காதையிலேயே பட்டிமண்டபம் பேசப்படுகிறது. குன்றக்குடி அடிகளார் போன்றோர் வளர்த்த இன்றைய வடிவம், எதிரணியின் கருத்துக்குப் பதில் சொல்லும் பழக்கத்தை லட்சக்கணக்கானோருக்குக் காட்டியிருக்கிறது. ஆயினும் அங்கே நேருக்கு நேர் குறுக்குக் கேள்வி இல்லை; ஒருவர் பேசி முடித்த பின்னரே அடுத்தவர் எழுகிறார். அவையின் கைதட்டலும் சிரிப்புமே அளவுகோலாகும்போது பலவீனமான காரணம் தப்பிவிடுகிறது. வகுப்பறை எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அணி அமைப்பை. விட்டுவிட வேண்டியது அதன் பார்வையாளர் கூட்டத்தை.

இரண்டாவது: பெரிய அளவில் இது பலன் தருமா? இங்கிலாந்தில் ‘குழந்தைகளுக்கான தத்துவம்’ என்னும் உரையாடல் வகுப்புகளை 48 பள்ளிகளில் சோதித்து 2015இல் வெளிவந்த அறிக்கை, வாசிப்பிலும் கணக்கிலும் சிறு முன்னேற்றம் கண்டது. அதைவிடப் பெரிய அளவில் நடந்து 2021இல் வெளிவந்த சோதனையில் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு சோதனைகளும் முதன்மையாக அளந்தது வாசிப்பு, கணக்கு மதிப்பெண்களை. வாதம் கற்பித்தால் வாதம் மேம்படுகிறதா என்பதைத்தான் முதலில் அளக்க வேண்டும். கூனின் ஆய்வு அதை அளந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளும் ஆயின. பத்து நாள் பயிற்சி முகாமால் இது ஆகாது.

மூன்றாவது மறுப்பே ஆழமானது. திபெத்திய மடங்களில் படித்து கெஷே பட்டம் பெற்ற ஜார்ஜ் திரெய்ஃபுஸ், 2003இல் எழுதிய நூலில் அந்த வாத முறையின் கூர்மையையும், பாடத்திட்டமும் மரபும் அதற்கு இடும் எல்லைகளையும் சேர்த்தே பேசுகிறார். நம் வகுப்பறையிலும் எல்லைகள் உண்டு. ஆசிரியரை, மூத்தவரை, ஊரில் செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளையை எதிர்த்துக் கேட்பது எல்லா மாணவருக்கும் ஒன்றுபோல எளிதன்று. ஒரு பெண் குழந்தை கேட்டால் ‘வாயாடி’ என்ற பெயர் வருகிறது. ‘நன்றாக விவாதியுங்கள்’ என்று பொதுவாக விட்டால் ஏற்கெனவே பேசுகிறவர்களே பேசுவார்கள்.

பைலகுப்பே முறையிலிருந்து கற்க வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே எதிர்ப்பது ஒரு மாணவரின் துணிச்சலைப் பொறுத்ததாக விடப்படவில்லை. அது அவர்மேல் சுமத்தப்பட்ட கடமை. நிற்கும் முறை வந்தவர் கேட்டே ஆக வேண்டும். அமரும் முறை வந்தவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். நாளை இருவரும் இடம் மாறுவார்கள். கேட்டவருக்குத் திமிர் என்ற பெயர் இல்லை, தோற்றவருக்கு அவமானம் இல்லை.

7. நம் பள்ளிகளில் இருப்பதைக் கொண்டே

இலங்கையில் க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவு மாணவர்கள் அளவையியலைத் தனிப் பாடமாகத் தமிழிலேயே படிக்கலாம். தமிழ்நாட்டில் அப்படியொரு பள்ளிப் பாடம் இல்லை. ஆனால் கருவிகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் தேல்ஸ் தேற்றத்தையும் பிதாகரஸ் தேற்றத்தையும் மாணவர்கள் ‘கூற்று’, ‘காரணம்’ என்ற இரண்டு நிரல்களில் எழுதுகிறார்கள். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் ‘கூற்று–காரணம்’ என்றே ஒரு வினா வகை உண்டு. இரண்டும் சரியா, காரணம் கூற்றை விளக்குகிறதா என்று கேட்டு நான்கு விடைகள் தரப்படும். காரணம் பொய்யா, உண்மையாக இருந்தும் பொருந்தாததா என்ற அந்தப் பகுப்பு, திபெத்திய முற்றத்தில் கேட்ட அதே பகுப்புதான். மாணவர் அதை அ, ஆ, இ, ஈ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். தன் விடையைக் காக்கும் வேலை அவருக்கு வருவதேயில்லை.

ஒரு பாடவேளையில் இதை மாற்றலாம். ‘பள்ளிக்குக் கைபேசி கொண்டுவர அனுமதிக்க வேண்டும், ஏனெனில் அது படிப்புக்குப் பயன்படும்’ என்று பலகையில் எழுதிவிட்டு மாணவர்களை இருவர் இருவராகப் பிரிக்கலாம். ஒருவர் நிற்க, ஒருவர் அமர வேண்டும். நிற்பவர் மறுக்கும் முன் அமர்ந்தவரின் வாதத்தை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். அதன்பின் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பேச வேண்டும்: கைபேசி படிப்புக்குப் பயன்படாது என்பாரா? பயன்படும் எல்லாவற்றையும் வகுப்புக்குள் அனுமதிப்பதில்லை என்பாரா? பத்து நிமிடத்தில் இடம் மாற வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தம் தரப்பையும், தமக்கெதிரான வலுவான மறுப்பையும், அதற்கான பதிலையும் மூன்று பத்திகளில் எழுத வேண்டும்.

தேர்வில் வராதது வகுப்பில் நிலைக்காது என்பது ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்தது. ஆகவே ‘கூற்று–காரணம்’ வினாக்களில் ஒன்றையாவது நான்கு விடைகள் இல்லாமல் தந்து, ‘இந்தக் காரணத்தை மறுப்பவர் என்ன சொல்வார்? அவருக்கு உன் பதில் என்ன?’ என்று கேட்டு, அதற்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்க வேண்டும். முடிவு எதுவானாலும் மதிப்பெண் குறையக் கூடாது. மறுப்பை நேர்மையாக எடுத்துரைத்ததற்கும் பதில் அந்த மறுப்பைத் தொட்டதற்குமே மதிப்பெண் என்று திருத்துவோருக்குத் தெளிவாக எழுதித் தர வேண்டும். பாடநூலை மாற்றக் காத்திருக்காமல், காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர் குழு ஒன்று மனம் வைத்தாலே இதைத் தொடங்கலாம்.